ஆலயமும் லயமும்

மார்கழி பிறந்துவிட்டால் நுவரெலியாவிலும் அட்டனிலும் விடியற்காலம் பனிமூட்டத்தோடுதான் வரும். தோட்டத்துக் கோவில்களிலே திருவெம்பாவைப் பூசை நடைபெறும்; தேவாலயங்களிலே நத்தார்ப் பண்டிகைக்கு ஆயத்தம் நடைபெறும். இரண்டு மணியோசைகளும் ஒரே மலைச்சரிவில் கேட்கும். கேட்கும் செவிகள் மட்டும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டனவா என்பதே இவ்வாரம் நம் சிந்தனைக்குரிய பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் கற்பிக்கும் கல்லூரியில் நவராத்திரிப் பூசை நடந்தது. மண்டபத்தைக் கழுவி, மாவிலைத் தோரணம் கட்டி, எல்லா வேலைகளுக்கும் முன்னின்றவன் ஒரு தோட்டத்து மாணவன், கிறிஸ்தவன். திருநீற்றுத் தட்டு வந்தபோது மட்டும் அவன் கைகூப்பி விலகி நின்றான். “வேலைக்கு வருகிறவன் விபூதிக்கு ஏன் வரமாட்டான்?” என்று ஆசிரியர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்தார். “வேலை செய்ய மனம் வந்தது, சேர்; பொய்யாகப் பூசிக்கொள்ளத்தான் மனம் வரவில்லை” என்றான் அவன். சிலர் சிரித்தனர். நாம் அருகில்தான் நின்றோம், வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் வாடிய தோரணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தவனும் அவனே. அன்று நாம் காத்த மௌனம் இன்றும் நம்மை உறுத்துகின்றது.

கிறிஸ்தவம் என்றதும் நம்மவர் மனத்தில் எழும் ஐயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கோப்பிப் பயிர் மலைகளை மூடியிருந்த காலத்தில், 1854ஆம் ஆண்டில், ‘தமிழ்க் கூலி மிஷன்’ இங்கே தொடங்கியது. தோட்டத் துரைமாரின் ஆதரவோடுதான் அது லயங்களுக்குள் நுழைந்தது. பெரட்டுக் களத்தில் அதட்டும் துரையின் சமயமே மாலையில் அன்பைப் போதிக்க வந்தால், தொழிலாளி அதனை எவ்வாறு நம்புவான்?

ஆயினும் நாம் மறந்துவிடும் உண்மை ஒன்றுண்டு. அந்தச் சமயத்தைத் தழுவிய தொழிலாளி துரையாகிவிடவில்லை. அதே லயத்து அறையில்தான் வாழ்ந்தான். அதே கொழுந்துக் கூடையைத்தான் அவன் மனைவியும் சுமந்தாள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியபோது, நெற்றியில் திருநீறு உண்டா, கழுத்தில் சிலுவை உண்டா என்று அது பார்க்கவில்லை. உறவினருக்கோ அவன் வேதம் மாறிப் போனவன். ஆதாயம் ஒன்றும் இல்லாத இடத்திலும் ஒருவன் தன் விசுவாசத்தைக் கைவிடாதிருந்தால், அது விலைக்கு வாங்கியதன்று என்பது தெளிவு.

பிற்காலத்தில் திருச்சபையைச் சேர்ந்த சிலர் துரையின் வாயிலை விட்டுத் தொழிலாளியின் வாயிலுக்கு வந்தனர். கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார, 1972ஆம் ஆண்டில் புதிதாக அமைந்த பதுளை மறைமாவட்டத்தை ஏற்றுச் சென்றார். அதே ஆண்டில் இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகள் கண்டியில் ‘சத்தியோதய’ நிலையத்தை நிறுவினார். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் கூடிப் பணிபுரியும் இடமாக அது அமைந்தது.

அது எத்தகைய காலம் என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்கள் எரிந்தன. பலர் வன்னிக்கு ஓடினர். இந்நிலையில் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் பெரும்பாலும் இந்துக்களாகிய தோட்ட மக்களின் உரிமைக்காகப் பேசினார், எழுதினார். 1979ஆம் ஆண்டில் தோன்றிய இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்தில் முன்னின்றார். அந்நாட்களில் அத்தகைய பேச்சுக்குக் கைதட்டல் கிடைப்பது அரிது. எஞ்சியிருந்த நாடற்றவருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்ததைக் கண்டபின், 2017ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

மலைநாட்டிலிருந்து ஊவாவின் தாழ்நிலத்துக்கு இறங்கினால், புத்தளையில் இன்னொரு வாழ்வைக் காணலாம். இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்ற மைக்கல் ரொட்றிகோ அடிகள், 1980ஆம் ஆண்டில் அங்கே பௌத்த விவசாயிகளின் நடுவில் ‘சுப செத் கெதர’ என்ற சிறு இல்லத்தை அமைத்துக் குடியேறினார். மதம் மாற்றுவதற்காக அவர் செல்லவில்லை. அந்த ஏழைகளோடு வாழ்ந்து அவர்களிடமிருந்து கற்கவே சென்றார். அச்சுறுத்தல்கள் வந்தபோதும் அவர்களை விட்டு நீங்கவில்லை. 1987ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி, திருப்பலி வேளையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்விருவரும் தம் சமயத்துக்கு எத்தனை பேரைச் சேர்த்தனர் என்று கேட்டால், கணக்கில் எழுத ஒன்றும் இராது. எத்தனை பேரின் துயரத்தில் தம்மைச் சேர்த்துக்கொண்டனர் என்று கேட்டாலோ, அதற்குக் கணக்கே இராது. தம் இனத்தவரல்லாதவரை, தம் சமயத்தவரல்லாதவரை அயலாராகக் கொள்வதே கிறிஸ்தவ வாழ்வு என்று அவர்கள் வாழ்ந்து காட்டினர். நல்ல சமாரியன் கதையிலே அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கியவனும் அந்நியன்தானே!

ஓர் இந்துவாகிய நாம் இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. உலகம் கிறிஸ்தவனை வரவேற்கவில்லை என்று பேசும்போது, அவ்வுலகம் எங்கோ இருப்பதாக எண்ணிவிடுகிறோம். மலையகத் தோட்டங்களிலே பெரும்பான்மையினர் நாம். ஆகவே அவ்வுலகம் நாமேயாகவும் இருக்கக்கூடும். கோவில் திருவிழாவுக்குத் தோள் கொடுப்பவனிடம் நெற்றியையும் கொடு என்று கேட்பது பக்தியன்று. மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் ஒருவன் தட்டைக் கண்டு கைகூப்பி விலகி நிற்கக்கூடும். அவன் கூப்பிய கைகளைப் பாருங்கள். அதிலே மரியாதை இருக்கின்றது. அன்று நாம் இருந்ததுபோல் நீங்கள் வாய் மூடி நிற்க வேண்டாம்.