டெல்லி நர்சரி சேர்க்கை: காத்திருப்புப் பட்டியலில் பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

புதுடெல்லி: தலைநகரின் தனியார் பள்ளிகளில் 2025-26 நர்சரி சேர்க்கைக்கான முதல் பட்டியல் ஜனவரி 17 அன்றும், இரண்டாவது பட்டியல் பிப்ரவரி 3 அன்றும் வெளியாயின. இந்த இடைவெளியில்தான், காத்திருப்புப் பட்டியலில் உள்ள குழந்தைகளின் பெற்றோர், கிடைத்த வேறொரு பள்ளியில் கட்டணம் செலுத்திவிடுவதா, பொறுத்திருப்பதா என்று தவித்தனர்.

பதிவுக் கட்டணம் வெறும் 25 ரூபாய் என்பதால், ஒரே குழந்தைக்குப் பல பள்ளிகளில் விண்ணப்பிக்கப்படுகிறது. ஒருவர் விலகினால்தான் அடுத்தவருக்கு இடம். அந்த விலகலைப் பெற்றோரால் கணிக்க இயலாது. புள்ளிகளைச் சரிபார்க்க இயலும். வீட்டின் தொலைவு, அதே பள்ளியில் உடன்பிறந்தோர் பயில்வது போன்றவற்றுக்கு அளித்த புள்ளிகளைப் பள்ளிகள் வெளியிட்டாக வேண்டும். முதல் பட்டியல் குறித்து விளக்கம் கேட்க ஜனவரி 18 முதல் 27 வரை அவகாசம் தரப்பட்டது. தொலைவைத் தவறாகக் கணக்கிட்டிருந்தால், அதை எழுத்துமூலம் கேட்பதற்கான நாட்கள் அவையே. புள்ளிகள் சமமானால் குலுக்கல்தான்.