கப்பல் வேலைக்குக் காசு கேட்டா அது குற்றம்ங்க

போன பதிவுல களத்துல காயுற குண்டு மிளகாய் படம் போட்டிருந்தேன். நிறைய பேர் ரசிச்சு எழுதியிருந்தீங்க, நன்றி. அந்தப் படத்துல முதுகைக் காட்டிக்கிட்டு சாக்கு விரிச்சுக்கிட்டிருந்த பையன் என் அக்கா மகன். "இந்தக் காலத்துலயும் விவசாயத்துக்கு வர்ற இளைஞன், பெருமையா இருக்கு"ன்னு நாலைஞ்சு பேர் சொல்லியிருந்தீங்க. அவன் பெருமைக்காக வரலைங்க. கப்பல் வேலைக்குப் போறேன்னு போய், 4 லட்சத்து 20 ஆயிரத்தைத் தொலைச்சுட்டு வந்து நிக்கிறான்.

அந்தப் பணம் அக்காவோட ரோட்டோர நிலம் 80 சென்ட். பத்திரத்துல சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். அதனால இந்தப் பதிவுல கோபம் கூடுதலா தெரிஞ்சா, பாதி என் மேல உள்ள கோபம்னு வச்சுக்கோங்க.

ராமநாதபுரம் பக்கம் எந்த பஸ் ஸ்டாண்டுல இறங்கினாலும் அந்த பிளக்ஸைப் பார்க்கலாம். வெள்ளை யூனிபார்ம், பின்னாடி ஒரு பெரிய கப்பல், "பத்தாவது போதும், டாலரில் சம்பளம், 100% வேலை". இவன் போன ஆபீஸ் சென்னையில. ஏ.சி. ரூம், கண்ணாடிப் பெட்டிக்குள்ள பொம்மைக் கப்பல், தோள்பட்டையில பட்டை போட்ட ஒரு ஆள். மூணு தவணையா வாங்கினாங்க. முதல் தவணை பயிற்சிக்கு. ரெண்டாவது சி.டி.சி. புத்தகத்துக்கு. மூணாவது "ஜாயினிங்"குக்கு. அந்த மூணாவதுதான் பெருசு.

பயிற்சின்னு அவன் கையில அஞ்சு சான்றிதழ் இருக்கு. கடல்ல விழுந்தா உயிர் பிழைக்கிறது, தீயணைக்கிறது, முதலுதவி, கப்பல்ல நம்ம பாதுகாப்பும் பொறுப்பும், கொள்ளைக்காரன் மாதிரி ஆபத்து வந்தா கப்பலைக் காக்கிறது. எதுவுமே பொய் இல்லை. 1978ல வந்த எஸ்.டி.சி.டபிள்யூ. உலக ஒப்பந்தப்படி கப்பல் வேலைக்குப் போற எவனும் படிச்சே ஆகணும். ஆனா எல்லாம் சேர்த்து ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும். ஹெல்மெட் வாங்கிட்டேன், லைசென்ஸ் எங்கேன்னு கேட்ட கதைதான். சி.டி.சி.யும் அப்படித்தான். எந்தக் கப்பல்ல எப்ப ஏறினான், எப்ப இறங்கினான்னு பதியுற அடையாளப் புத்தகம் அது, வேலை தெரியும்னு சொல்ற சான்று இல்லை. இவனுக்குக் குடுத்த புத்தகம் நம்ம நாட்டோடது கூட இல்லை. ஏதோ ஒரு குட்டித் தீவு நாட்டோடது. மேப்புல தேடிப் பார்த்தோம், மிளகாய் விதை அளவுக்கு ஒரு புள்ளி.

நேர்வழி என்னன்னு இப்பதான் எனக்கே தெரியும். பத்தாவது முடிச்சவனுக்கு ஜி.பி. ரேட்டிங்னு ஆறு மாசப் படிப்பு. மொத்த மார்க்குலயும் இங்கிலீஷ்லயும் 40 சதவீதம் வேணும். வயசு பொதுவா பதினேழரையிலிருந்து 25க்குள்ள. மும்பையில இருக்கிற கப்பல் போக்குவரத்து இயக்குநரகம், அதான் டி.ஜி. ஷிப்பிங், அங்கீகரிச்ச இடத்துலதான் படிக்கணும். முடிச்சுட்டு கப்பல்ல பயிற்சி ஆளா ஏறி மாசக்கணக்குல கடல்ல இருந்தாத்தான் வாட்ச் கீப்பிங் சான்று வரும். அதுக்கும் மேல போனாத்தான் ஏ.பி.ங்கிற கைதேர்ந்த மாலுமி. ஆபீசர் வழி வேற. பன்னிரண்டாவதுல கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எடுத்தவன் நுழைவுத் தேர்வு எழுதி, டி.என்.எஸ். ஒரு வருஷம், கடல்ல பதினெட்டு மாசம் கேடட்டா இருந்துட்டு, அப்புறம்தான் செகண்ட் மேட் பரீட்சை.

இதுல ஒரு கூத்து. கலர் சரியாத் தெரியாதவனை டெக்குக்கு எடுக்க மாட்டாங்க. புள்ளிகளுக்குள்ள நம்பர் ஒளிஞ்சிருக்கிற அட்டையைக் காட்டி டாக்டர் கேட்பார். இயக்குநரகம் அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட இதை முதல் நாளே பார்த்துடலாம், சில ஆயிரத்தோட போயிடும். ஆனா பணம் பூராவும் வாங்கின பிறகுதான் ஏஜென்ட் டாக்டர்கிட்ட அனுப்புவான். இவன்கூடத் தங்கியிருந்த ஒரு பையன் அப்படித்தான் கடைசி வாரத்துல அழுதுக்கிட்டு ஊருக்குத் திரும்பினானாம்.

நான் விதை வாங்கப் போனா மூட்டையில நீல அட்டை இருக்கான்னு பார்ப்பேன். சான்று பெற்ற விதைக்கு நீலம், ஆதார விதைக்கு வெள்ளை. அட்டை இருக்கிறதால மட்டும் பயிர் வந்துடாது, மழை வேணும். கப்பல் வேலையில மழைங்கிறது கடல்ல இருந்த நாள் கணக்கு. முதல் கப்பல் கிடைக்காம அந்த நாள் சேராது. நாள் சேராம அடுத்த சான்று இல்லை. அனுபவம் இல்லாதவனை எந்தக் கம்பெனியும் சீக்கிரம் ஏத்துறதும் இல்லை. முறையா படிச்சவனே முதல் கப்பலுக்கு வருஷக்கணக்குல காத்துக்கிடக்கிறான். ஏஜென்ட் விக்கிறது பயிற்சியும் இல்லை, புத்தகமும் இல்லை. அந்த முதல் கப்பலைத்தான் விக்கிறான்.

இவனுக்கு வித்த முதல் கப்பல் வளைகுடாவுல ஒரு பழைய டக். விசிட் விசாவுல அனுப்பினாங்க. கையில ஒப்பந்தக் காகிதம் எதுவும் இல்லை. நாலு மாசம் துரு சுரண்டி பெயின்ட் அடிச்சான், சம்பளம் கண்ணுல காட்டலை. அக்கா கடன் வாங்கி டிக்கெட் போட்டு வரவழைச்சா. சென்னையில லைசென்ஸ் உள்ள ஒரு கம்பெனிக்கு அந்தப் புத்தகத்தோட போனான். பார்த்தவர் நல்ல மனுஷன். "தம்பி, இந்த நாலு மாசத்தை எந்தக் கணக்குலயும் சேர்க்க முடியாது"ன்னு சொல்லி, டீ வாங்கிக் குடுத்து அனுப்பியிருக்கார்.

இப்ப என் சண்டைக்கு வர்றேன்.

கப்பல்ல வேலை வாங்கித் தர்றேன்னு மாலுமிகிட்ட காசு வாங்கக் கூடாதுன்னு 1958 வணிகக் கப்பல் சட்டத்துலயே சொல்லியிருந்தாங்க. கடல் தொழிலாளர்களுக்கான 2006 உலக ஒப்பந்தமும் அதையேதான் சொல்லுது, இந்தியா 2015ல அதுல கையெழுத்துப் போட்டாச்சு. மெடிக்கல் சான்று, சி.டி.சி., பாஸ்போர்ட், இந்த மூணோட செலவு மட்டும்தான் பையனோடது. வேலைக்கு ஆள் எடுக்கிற செலவு கப்பல்காரனோடது. ஆள் எடுக்கிறவன்கிட்ட ஆர்.பி.எஸ்.எல்.ங்கிற அரசு லைசென்ஸ் இருக்கணும். லைசென்ஸ் உள்ள கம்பெனிகளோட பட்டியல் இயக்குநரகத்தோட இணையதளத்துல இருக்கு. பிளக்ஸ்ல நம்பர் போட்டிருக்கேன்னு நம்பிடாதீங்க, அடுத்தவன் நம்பரையும் போடுவான். பட்டியல்ல இருக்கிற கம்பெனிக்கே நேரா போன் போட்டு, இப்படி ஒரு ஆள் உங்ககிட்ட இருக்காரான்னு கேட்கணும்.

இவ்வளவும் சட்டமா இருக்கு. எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. ஓ.டி.பி.யை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு தமிழ்ல சொல்லிச் சொல்லி எங்க அப்பத்தாவுக்கே மனப்பாடம். கப்பல் வேலைக்குக் காசு குடுக்காதீங்கன்னு தமிழ்ல ஒரு துண்டு நோட்டீஸ், ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர்ல, ஒரு இ-சேவை மையத்துல நான் பார்த்ததில்லை. பிளக்ஸ் மட்டும் நல்ல தமிழ்ல இருக்கு.

இதைச் சொன்னா நகரத்துல இருக்கிற நம்மாளுங்க கேட்கிறது ரெண்டு கேள்வி. "விசாரிக்காம எப்படிக் குடுத்தீங்க?" விசாரிச்சோம்ங்க. யாரை விசாரிக்க? எங்க தெருவுல கப்பலுக்குப் போனவன் ஒருத்தனும் இல்லை. ஆபீஸும் உங்க ஊர்லதான், ஹாஸ்டலும் உங்க ஊர்லதான். அந்த ஆபீஸுக்கு வாடகைக்குக் கட்டடம் விட்டவரும் உங்க அடுத்த தெருக்காரர்தான். ரெண்டாவது கேள்வி, "நிலத்தை விக்கலாமா? இயற்கை விவசாயம் பண்ணலாமே?" மழை பொய்ச்ச வருஷம் எங்க கண்மாயில வந்து நின்னு பார்த்துட்டு அதைச் சொல்லுங்க. உங்க பையன் மரைன் இன்ஜினியரிங் படிக்கப் போனா முன்னேற்றம், எங்க பையன் டெக்குல கயிறு இழுக்கப் போனா நிலத்துக்குத் துரோகமா? கடலுக்குப் போறது தப்பில்லை. போற வழியில திருடன் உட்கார்ந்திருக்கான், அவனைக் கேட்க ஆள் இல்லை. அதைத்தான் சொல்றேன்.

பயிற்சி நடத்துற இடங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். அங்கீகாரம் வாங்கி ஒழுங்கா நடத்துறவங்க இருக்காங்க, மறுக்கலை. அவங்க வாசல்லயே ஒரு போர்டு வைக்கட்டும். போன வருஷம் எத்தனை பேர் முடிச்சாங்க, அதுல எத்தனை பேர் கப்பல் ஏறினாங்க. ரெண்டே எண். "வேலைக்கு உதவி செய்யப்படும்"ங்கிற வழவழா வார்த்தையெல்லாம் வேணாம். அந்த ரெண்டு எண்ணைக் காட்டாத இடத்துக்குச் சீட்டு எதுக்குன்னு இயக்குநரகம் கேட்கட்டும்.

இதைப் படிக்கிறவங்கள்ல கப்பல்ல வேலை பார்த்து ஓய்வு பெற்றவங்க கட்டாயம் இருப்பீங்க. உங்க சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒரு மணி நேரம் பேசுங்க. யூனிபார்ம் படம் காட்ட வேணாம், முதல் கப்பலுக்கு நீங்க எத்தனை மாசம் காத்திருந்தீங்கன்னு சொல்லுங்க.

மருமகனுக்கு வர்ற ஆடியில 25 முடியுது. அதுக்குள்ள ஜி.பி. ரேட்டிங்ல சேரணும்னு இன்னும் ஆசை இருக்கு. மெடிக்கல் முதல்ல எடுத்தாச்சு, கண்ணு சரியா இருக்கு. கட்டணத்துக்கு மிளகாயைத்தான் நம்பியிருக்கோம். இந்த வருஷ விலை உங்களுக்கே தெரியும்.

அந்த ஏஜென்டோட போன் நம்பர் இன்னும் ஓடுது. பக்கத்து ஊர்ல ஒரு பையன்கிட்ட முன்பணம் ஐம்பதாயிரம் கேட்டிருக்கானாம், திங்கட்கிழமை குடுக்கிறதா பேச்சு. நாளைக்குக் காலையில மருமகனையும் கூட்டிக்கிட்டு அந்தப் பையனோட அப்பாவைப் பார்க்கப் போறேன். அஞ்சு சான்றிதழையும் அந்தத் தீவு நாட்டுப் புத்தகத்தையும் மஞ்சப்பையில போட்டு வச்சாச்சு.