நேற்று மாமா வந்திருந்தார்

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் முறையின் மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. முப்பது வருஷத்துக் கோபம். கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு முடித்துக்கொண்டு கதை எழுதப் போனவனுக்கு இதைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அடி வாங்கியவன் என்பதுதான் என் யோக்கியதை. பிரம்பைப் பற்றி வாத்தியாருக்குத் தெரிந்ததைவிடப் பையனின் உள்ளங்கைக்கு அதிகம் தெரியும்.

காரைக்காலில் நான் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். நேற்று வீட்டில் நடந்ததைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் ஆங்கிலத்தில் எழுதிவரச் சொன்னார் வாத்தியார். என் முதல் வாக்கியம் இது: 'மை அங்கிள் ஹேட் கம் எஸ்டர்டே.' பொய் ஒன்றும் இல்லை. திருநள்ளாற்றுக்கு வந்த மாமா எங்கள் வீட்டுக்கும் வந்து, சாப்பிட்டு, திண்ணையில் கொஞ்சம் படுத்திருந்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் மாயவரம் போய்விட்டார். வாத்தியார் 'ஹேட் கம்' என்ற இடத்தில் நோட்டுப் புத்தகம் கிழியும்படி சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். "ஏன் சார் தப்பு?" என்று கேட்டேன். "ஏனா? டென்ஸ் தப்பு. ஏறு பெஞ்சு மேலே" என்றார்.

அன்று இரவு தாத்தாவிடம் போனேன். அவர் 1954-க்கு முன்னால், பிரெஞ்சுக்காரர் இங்கே இருந்த காலத்தில், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஆங்கிலம் பிற்பாடு தாமாகக் கற்றுக்கொண்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஹேட் எதுக்குடா? ஹேஸ்னு போடு. 'மை அங்கிள் ஹேஸ் கம் எஸ்டர்டே.' பிரெஞ்சிலேயும் ஏறக்குறைய அப்படித்தான்" என்றார். மறுநாள் அதற்கும் சிவப்புக் கோடு விழுந்தது. "யார் சொல்லிக்கொடுத்தது?" "எங்க தாத்தா சார்." "அப்ப உங்க தாத்தாவையும் பெஞ்சு மேலே ஏத்த வேண்டியதுதான்!" வகுப்பே சிரித்தது. இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் தாத்தா என் ஆங்கில நோட்டைத் தொடவே இல்லை.

இப்போது என் வழக்கைச் சொல்கிறேன். அந்த இரண்டு வாக்கியங்களும் ஆங்கிலத்தில் தப்புத்தான். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் இரண்டும் முட்டாள்தனம் அல்ல. நான் எழுதியது தமிழின் இலக்கணம். தாத்தா சொன்னது பிரெஞ்சின் இலக்கணம். இரண்டுக்கும் காரணம் உண்டு. அந்தக் காரணம் தெரியாமல் கோடு இழுத்த கைக்குத்தான் பாடம் தெரியவில்லை என்கிறேன்.

தாத்தாவின் தப்பை முதலில் பார்ப்போம். 'நேற்று அவனைப் பார்த்தேன்' என்பதற்குப் பிரெஞ்சுக்காரன் பேச்சில் 'ஜ லே வ்யூ இயேர்' என்பான். அதில் ஆங்கிலத்து 'ஹேவ்' என்பதற்குச் சமமான துணைவினை இருக்கிறது. தனித்து நிற்கும் பழைய இறந்தகால வடிவம் பிரெஞ்சில் புத்தகத்தோடு நின்றுவிட்டது. பேச்சு முழுவதையும் இந்தத் துணைவினை வடிவம் பிடித்துக்கொண்டது. ஒல்லாந்தன் பாஷையிலும் இதே விவகாரம்தான். அவனும் நேற்றைய சங்கதியைச் சொல்லும்போது 'ஹேவ்' போன்ற ஒரு சொல்லை நடுவில் வைத்துக்கொண்டுதான் பேசுவான். ஆங்கிலத்தில் மட்டும் அந்த வடிவம் 'இப்போது' என்பதன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 'நேற்று' என்று நாளைக் குறித்துவிட்டால் அது விலகிக்கொள்ளும். 'சா', 'கேம்' என்ற வெறும் இறந்தகாலந்தான் வரவேண்டும்.

எங்கள் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள். தெற்கே நாகப்பட்டினத்தில் 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்து, 1781-இல் ஆங்கிலேயரிடம் பறிகொடுக்கும் வரை ஒல்லாந்தர்கள். நடுவே காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள். அந்த நாகப்பட்டினத்து ஒல்லாந்தப் பையனையும் காரைக்கால் பிரெஞ்சுப் பையனையும் ஓர் ஆங்கில வகுப்பில் உட்காரவைத்திருந்தால், இரண்டு பேரும் என் தாத்தாவின் தப்பைத்தான் செய்திருப்பார்கள். இன்றைக்கும் செய்கிறார்கள். ஆனால் ஒல்லாந்து தேசத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியருக்கு அது முன்கூட்டியே தெரியும். ஏனென்றால் அவர் பாஷையும் அதுதான். பையன் எங்கே விழுவான் என்று தெரிந்து அங்கே போய் நிற்கிறார். நம் ஆசிரியரின் பாஷையும் தமிழ்தானே? அவர் ஏன் அங்கே போய் நிற்பதில்லை? வகுப்பு வாசலில் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு வரும்படி அவருக்குப் போதித்திருக்கிறார்கள். அதுதான் காரணம்.

இனி என் தப்புக்கு வருகிறேன். 'வந்தார்', 'வந்திருக்கிறார்', 'வந்திருந்தார்' என்று மூன்றும் நம்மிடம் உண்டு. பார்வைக்கு ஆங்கிலத்தின் மூன்று வடிவங்களுக்கும் இவை சரிக்குச் சரி என்றுதான் தோன்றும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. 'நேற்று மாமா வந்திருந்தார்' என்று நாம் சொன்னால், வந்தார், கொஞ்ச நேரம் இருந்தார், போய்விட்டார், இப்போது இல்லை என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்குள் மாமா திண்ணையில் படுத்திருந்ததும், பஸ் ஏறியதும் அடக்கம். ஆங்கிலத்து 'ஹேட் கம்' அப்படியல்ல. இறந்தகாலத்து இன்னொரு சம்பவத்துக்கு முன்னால் நடந்தது என்று சொல்லத்தான் அது வேண்டும். நான் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் மாமா வந்தாயிற்று என்றால் 'ஹேட் கம்' பொருந்தும். இரண்டாவது சம்பவம் கண்ணில் படாவிட்டால் 'கேம்' போதும். இதைச் சொல்ல வாத்தியாருக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். பெஞ்சு மேல் நான் நின்றது முக்கால் மணி நேரம்.

இன்னொன்று. விடியற்காலையில் எழுந்து வாசலுக்கு வருகிறோம். முற்றம் நனைந்திருக்கிறது. 'ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோம். 'பெய்தது' என்று சொல்வதில்லை. விழித்திருந்து பார்த்தவன் 'பெய்தது' என்பான். தூங்கிவிட்டு ஈரத்தைப் பார்த்து ஊகிப்பவன் 'பெய்திருக்கிறது' என்பான். கண்ட சாட்சிக்கும் காணாத சாட்சிக்கும் வித்தியாசம் காட்டுகிற நுட்பம் இது. எழுத்தறியாத நம் பாட்டிமார்கள் இதில் ஒரு நாளும் பிசகியதில்லை. இதை நம்பிப் பிள்ளை 'இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் அது செல்லாது. 'ரெயின்ட்' என்று விட்டுவிடலாம். ஊகம் என்று காட்ட வேண்டுமானால் 'மஸ்ட் ஹேவ்' போடலாம். ஆனால் அந்தப் பிள்ளை ஒன்றும் தெரியாமல் எழுதவில்லை. நனைந்த முற்றத்தைச் சொல்லப் பார்க்கிறது! அதைப் பாராட்டிவிட்டல்லவா திருத்த வேண்டும்?

நம் வகுப்புகளில் நடப்பது என்ன? 'வி ஒன், வி டூ, வி த்ரீ' என்று கரும்பலகையில் மூன்று பத்தி. கோ, வென்ட், கான். கம், கேம், கம். வாய்ப்பாடு போல ராகம் போட்டு ஒப்பிக்கிறார்கள். வினையின் உருவம் வந்துவிடுகிறது. எதை எங்கே வைப்பது என்பது வருவதில்லை. கடைசியில் 'டிட் நாட் கேம்' என்று எழுதுகிறான். உடனே ஒரு கோடு. அந்தப் பையனிடம் 'மாமா வரவில்லை' என்று சொல்லச் சொல்லி, அதில் 'வர' என்பதில் காலம் தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது. நேற்றைக்கும் 'வரவில்லை'தான், இன்றைக்கும் 'வரவில்லை'தான். ஆங்கிலத்திலும் காலத்தை 'டிட்' சுமந்துகொள்கிறது. 'கம்' காலம் இல்லாமல் நிற்கிறது, நம் 'வர' போல. இந்த உவமையைக் கேட்ட பையன் பிறகு 'டிட் நாட் கேம்' என்று எழுதக் கூசுவான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. தாய்மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டால் மாணவன் இடறும் பல இடங்களை முன்னாலேயே காணலாம் என்று ராபர்ட் லாடோ என்ற அமெரிக்கர் 1957-இல் புத்தகமே எழுதினார். மாணவனின் தவறு கண்டனத்துக்குரிய பொருளல்ல, அவன் மனத்தில் மொழி எப்படி உருவாகிறது என்று காட்டும் தடயம் என்று பிட் கார்டர் 1967-இல் எழுதினார். ஒப்பிட்டால் எல்லாத் தவறும் தெரிந்துவிடாது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்ததும் உண்மை. நானும் எல்லாத் தவறும் என்று சொல்லவில்லை. இந்தத் தவறு என்கிறேன்.

அவ்வளவு தூரம் போவானேன்? தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு, தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதி 1716-இல் ஹாலேயில் அச்சிட்டார். அவருக்கும் முன்னால், யாழ்ப்பாணத்தில் இருந்த பால்டேயஸ் என்ற ஒல்லாந்தப் பாதிரியார், 1672-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் நம் பாஷைக்கு ஒரு சிறு முன்னுரையை ஒல்லாந்தர் பாஷையிலேயே சேர்த்தார். வெள்ளைக்காரன் நம் பாஷையைப் படிக்கத் தன் பாஷையை ஏணியாக வைத்துக்கொண்டான். அவன் பாஷையைப் படிக்க நாம் வரும்போது மட்டும் ஏணியைத் தள்ளிவிட்டுச் சுவரில் ஏறு என்கிறார்கள். சில பள்ளிகளில் ஏணியைத் தொட்டால் அபராதம்கூட உண்டு.

'ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கேட்டால்தான் வரும்' என்பது எதிர்க்கட்சியின் வாதம். வீட்டில் ஆங்கிலம், தெருவில் ஆங்கிலம், சாப்பாட்டு மேஜையில் ஆங்கிலம் என்று வாழும் குழந்தைக்கு அது உண்மைதான். கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் விழுவது வகுப்பறையில் மட்டும். அரிதாகக் கிடைக்கும் அந்த நேரத்தில் புரியாத சத்தத்தை ஊற்றி நிரப்புவது எந்த ஊர் நியாயம்? அதே சமயம், பாடம் முழுவதையும் தமிழில் உரை சொல்லிக் கடத்திவிட்டு மணியடித்ததும் எழுந்து போகும் ஆசிரியருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டவர். பேசவும் எழுதவும் ஆங்கிலம் நிறைய வேண்டும். இடறுகிற இடத்தில் தமிழ் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. த், ட், ற், இன் என்று இறந்தகாலம் காட்டும் இடைநிலைகளை நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்து வைத்திருக்கிறார். அதைத் தமிழாசிரியர் ஓர் அறையில் நடத்துகிறார். அடுத்த அறையில் 'பாஸ்ட் டென்ஸ்' நடக்கிறது. நடுவே ஒரு சுவர். 'வந்திருக்கிறார்' என்பதன் வாலில் 'கிறு' என்ற நிகழ்கால இடைநிலை இருக்கிறது, 'ஹேஸ் கம்' என்பதன் தலையில் 'ஹேஸ்' என்ற நிகழ்காலம் இருக்கிறது என்று இந்த இரண்டு பேரும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பேசினால், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பிழைத்துப்போவார்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறின. புத்தகங்கள் மாறின. சுவர் அப்படியேதான் இருக்கிறது.

பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. பணமும் கேட்கவில்லை. கோடு இழுக்குமுன் பேனாவை ஒரு நிமிஷம் கீழே வைத்துவிட்டு, "தம்பி, நீ சொல்ல வந்ததைத் தமிழில் சொல்லு, கேட்போம்" என்று கேட்டால் போதும். "நேற்று மாமா வந்திருந்தார் சார்" என்பான். "இப்ப இருக்காரா?" "இல்லே சார், சாயங்காலமே போயிட்டார்." அவன் ஏன் 'ஹேட்' போட்டான் என்பது அந்தப் பதிலிலேயே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு அழைத்துப் போகலாம். அவனும் வருவான். அவனுடைய தாத்தாவையும் யாரும் பெஞ்சு மேல் ஏற்ற வேண்டியிராது.