பச்சைப் பிள்ளை கையில் கம்ப்யூட்டரா?

தட்டில் இட்லி இருக்கிறது. மூன்று வயதுப் பையன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். தாய் செல்போனை எடுத்துத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைக்கிறாள். அதில் யானை ஆடுகிறது. பாட்டு கேட்கிறது. பையனின் வாய் தானாகத் திறக்கிறது. ஐந்து நிமிடத்தில் இரண்டு இட்லியும் தீர்ந்துவிடுகின்றன.

தாய்க்கு நிம்மதி. பையனுக்கும் சந்தோஷம். இதில் என்ன தவறு?

இந்தக் கேள்வி இப்போது வீட்டுக்கு வீடு எழுகிறது. மாமியார் ஒன்று சொல்லுகிறார். மருமகள் வேறொன்று சொல்லுகிறாள். "போனைப் பிடுங்கி எறி" என்கிறார் தாத்தா. ஆனால் அவரே திண்ணையில் உட்கார்ந்து, இன்னொரு போனில் பழைய சினிமா பார்த்துக்கொண்டிருக்கிறார்!

ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஆபீஸில் இருக்கும் பெரிய யந்திரம். இன்று செல்போனே ஒரு கம்ப்யூட்டர்தான். இண்டர்நெட்டும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆகவே, "பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கலாமா?" என்பது பணக்கார வீட்டுக் கேள்வி அல்ல. ஓட்டு வீட்டிலும் அதே கேள்விதான்.

டாக்டர்கள் சொல்லும் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இதற்கு ஒரு கணக்குச் சொல்லியது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். ஒரு வயதுக் குழந்தைக்கும் வேண்டாம். இரண்டு வயது முதல் நான்கு வயது வரை, நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அதிலும் குறைத்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் ஏறக்குறைய இதையேதான் சொல்லுகிறது.

இதைப் படித்ததும் சிலர் பயந்துவிடுகிறார்கள். ஒரு நிமிடம் அதிகமானால் மூளை கெட்டுவிடுமோ என்று கேட்கிறார்கள். அப்படி இல்லை. செல்போன் விஷம் அல்ல. அதே அறிக்கையில் இருக்கும் இன்னொரு கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தை நாள் ஒன்றுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைத்து ஓடியாட வேண்டும். 10 மணி முதல் 13 மணி நேரம் வரை தூங்க வேண்டும். சாப்பிடவும் குளிக்கவும் நேரம் வேண்டும். கதை கேட்கவும், "ஏன்? எதற்கு?" என்று நூறு கேள்வி கேட்கவும் நேரம் வேண்டும். குழந்தையின் பகல் மிகவும் சிறியது. அதில் மூன்று மணி நேரத்தைச் செல்போன் தின்றுவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? ஓட்டம் குறையும். தூக்கம் குறையும். பேச்சு குறையும். கெடுதல் முக்கியமாக அந்த வழியில்தான் வருகிறது.

சீன மொழி கேட்ட குழந்தைகள்

"போனில் பார்த்துத்தான் என் பிள்ளை ஏ, பி, சி, டி கற்றுக்கொண்டது" என்று பெருமைப்படும் தாய்மார்கள் உண்டு. அவர்கள் ஒரு சோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் சியாட்டில் என்ற நகரம் இருக்கிறது. அங்கே பாட்ரீசியா கூல் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2003-ல் வெளிவந்தது. ஒன்பது மாதக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள். சீன மொழியைக் காதால் கேட்டே அறியாதவை.

ஒரு பிரிவுக் குழந்தைகளின் எதிரே சீன மொழி பேசுகிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். புத்தகத்தைக் காட்டிப் படித்தார்கள். பொம்மையை ஆட்டி விளையாடினார்கள். இப்படிப் பன்னிரண்டு தடவை. இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்களைப் படம் பிடித்து டெலிவிஷனில் காட்டினார்கள். அதே பேச்சு. அதே புத்தகம். அதே பொம்மை.

முடிவில் என்ன ஆயிற்று? ஆளை நேரில் பார்த்த குழந்தைகளுக்குச் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்து அறியத் தெரிந்தது. படம் பார்த்த குழந்தைகளுக்கு எதுவும் ஏறவில்லை! அந்த மொழியையே கேட்காத குழந்தைகளுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் இல்லை.

காரணம் என்ன? எதிரே இருக்கும் மனிதர் குழந்தையின் கண்ணைப் பார்க்கிறார். குழந்தை திரும்பினால் அவரும் திரும்புகிறார். குழந்தை "ங்கா" என்றால் சிரித்துப் பதில் சொல்லுகிறார். படத்தில் இருக்கும் யானை யாருக்காகவும் நிற்பதில்லை. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே போகிறது.

இதை வைத்துப் பார்த்தால் துபாயில் வேலை செய்யும் தகப்பனார் வீடியோவில் கூப்பிட்டு, "கண்ணு, சாப்பிட்டியா?" என்று கேட்பது வேறு விஷயம் என்று தெரியும். அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கிறார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-ல் வெளியிட்ட யோசனைகளிலும் வீடியோ பேச்சுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். பேரப் பிள்ளையைப் போனில் கொஞ்சும் பாட்டிமார்கள் கவலைப்பட வேண்டாம்.

பிள்ளை பின்தங்கிவிடுமா?

பெற்றோரின் பெரிய பயம் இதுதான். "இது கம்ப்யூட்டர் காலம். இப்போதே பழக்காவிட்டால் என் பிள்ளை மற்றவர்களுக்குப் பின்னால் நின்றுவிடுமே!"

இந்தப் பயம் வீண். அறுபது வயதுப் பாட்டி ஒரு வாரத்தில் வாட்ஸ்அப் கற்றுக்கொண்டு, கல்யாணப் போட்டோ அனுப்புகிறார். பாட்டிக்கு வந்தது, பேரனுக்குப் பத்து வயதில் வராதா? விரலால் தொட்டால் படம் நகரும் என்பது ஒரு படிப்பே அல்ல. யாருக்கும் எளிதில் வரவேண்டும் என்றுதானே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

வராமல் போவது வேறு. பென்சிலைப் பிடிக்க விரலில் பலம் வேண்டும். அந்தப் பலம் களிமண்ணைப் பிசைவதில் வருகிறது. புளியங்கொட்டையைப் பொறுக்கிப் பல்லாங்குழியில் போடுவதில் வருகிறது. அம்மா கோலம் போடும்போது, பக்கத்தில் தானும் நாலு புள்ளி வைப்பதில் வருகிறது. கண்ணாடி போன்ற திரையில் விரலைத் தேய்ப்பதில் அது வராது.

சுவீடன் நாட்டுக்கு வந்த அனுபவத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டரில் முன்னேறிய நாடு. அங்கே சிறு குழந்தைப் பள்ளிகளிலும் கம்ப்யூட்டர் சாதனங்களைப் பழக்க வேண்டும் என்று பாடத் திட்டத்தில் எழுதி, 2019-ல் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். 2023-ல் அரசாங்கத்துக்கே சந்தேகம் வந்தது. புத்தகத்துக்கும் விளையாட்டுக்கும் திரும்புவது என்று தீர்மானித்தார்கள். 2025-ல் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள். வசதி இல்லாமல் அவர்கள் இதைச் செய்யவில்லை. எல்லா வசதியும் வைத்துக்கொண்டு செய்தார்கள்.

கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும்

சீனாவில் குவாங்சோ நகரத்தில் பன்னிரண்டு பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2015-ல் வந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்குக் கிட்டப் பார்வை வந்தது. வெளியே விடப்படாத பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பேருக்கு வந்தது. கூடுதலாகக் கொடுத்த மருந்து வெயிலும் காற்றும்தான். காசு இல்லை!

இண்டர்நெட் என்னும் சந்தை

இண்டர்நெட் என்பது ஒரு பெரிய சந்தை. மூன்று வயதுப் பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டுவிடுவார்களா? ஆனால் போனைக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுகிறார்கள். யானைப் பாட்டு முடிந்ததும் அடுத்த படம் தானாக வருகிறது. அதன் பின் இன்னொன்று. அது என்ன படம் என்று யாரும் பார்ப்பதில்லை. நடுவில் விளம்பரம் வேறு.

குழந்தை எதைப் பார்க்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுகிறவர்களும் உண்டு. குழந்தைகளைப் பற்றிய விவரங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் சேகரித்ததாக அமெரிக்காவில் கூகுள், யூடியூப் கம்பெனிகள் மீது வழக்கு வந்தது. 2019-ல் 17 கோடி டாலர் கட்டி அதைத் தீர்த்துக்கொண்டார்கள். நம் நாட்டிலும் 2023-ல் ஒரு சட்டம் நிறைவேறியிருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அது சொல்லுகிறது. நல்ல சட்டம். ஆனால் போனில் "சம்மதம்" என்று இருக்கும் இடத்தைப் படிக்காமலே அமுக்குகிறவர்கள் நாம்தானே?

தாயை மட்டும் குறை சொல்லலாமா?

போன் கொடுக்கும் தாயைத் திட்டுவது எளிது. காலையில் எட்டு மணிக்குள் சமைத்து, தண்ணீர் பிடித்து, வேலைக்கும் ஓட வேண்டியவள் அவள். வீட்டில் வேறு ஆள் இல்லை. குழந்தை காலைக் கட்டிக்கொண்டு அழுகிறது. அவள் என்ன செய்வாள்?

இதற்கு அரசாங்கமும் பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. பாட்டும் கதையும் ஆட்டமும் அங்கேதான் கிடைக்கும். ஆனால் பணியாளர்களின் கையிலும் செல்போன் இருக்கிறது. எடை என்ன, உயரம் என்ன, எத்தனை பேர் வந்தார்கள் என்று அதில் பதிய வேண்டும். அந்த நேரத்தைக் குறைத்து, குழந்தைகளோடு பேச விட்டால் எவ்வளவோ நல்லது. இனி மையங்களுக்குத் திரைப்பெட்டி வாங்கப் பணம் ஒதுக்குவதானால், அதில் இன்னோர் உதவியாளரை நியமிக்க முடியுமா என்று முதலில் பார்க்கட்டும்.

வீட்டில் செய்யக் கூடியதும் உண்டு. இரண்டு வயது வரை படம் காட்ட வேண்டாம். அதற்கு மேல், அரை மணி போதும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். "யானை எங்கே போகிறது? தும்பிக்கை எங்கே?" என்று கேட்க வேண்டும். அப்போது அந்தப் படம்கூடப் பாடமாகும். படத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு இண்டர்நெட்டை நிறுத்திவிட்டால், அடுத்த படம் தானாக வரும் தொல்லையும் இல்லை. படுக்கைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் போன் கண்ணில் படக் கூடாது.

சாப்பாட்டு நேரத்தில் அறவே வேண்டாம். படம் பார்த்துக்கொண்டே தின்னும் பையனுக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது. தின்றது இட்லியா, உப்புமாவா என்பதும் தெரியாது. போனை நிறுத்தினால் முதல் சில நாள் அழுவான். ஒரு வேளை குறைவாகத் தின்பான். அடுத்த வேளை பசி வரும். தட்டைத் தரையில் வைத்து, இட்லியை அவனே பிய்த்துத் தின்னும்படி விட வேண்டும். சட்னி சட்டையில் கொட்டும். கொட்டட்டும்.

அந்த நேரத்தில் தாத்தாவும் தம்முடைய சினிமாவை நிறுத்திவிட்டுப் பேரன் பக்கத்தில் வந்து உட்கார வேண்டியிருக்கும். அதற்கு அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் கொஞ்சம் கஷ்டம்.