இரு பெயர் கொண்ட பாடகர்

புகழ்பெற்ற ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினார் என்று கேள்விப்பட்டால் நம் இல்லங்களில் உண்டாகும் பூரிப்புக்கு அளவில்லை. குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியையும், 1977-இல் கலிமா மொழிந்து யூசுஃப் இஸ்லாம் ஆன பாடகர் கேட் ஸ்டீவன்ஸையும் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். இம்மாதம் நாம் பேசப்போகிறவரை அந்த வரிசையில் வைத்து எவரும் பெருமை கொள்வதில்லை. அதற்கு நியாயமும் உண்டு. ஆயினும் அவரைப் பேசாமலே விட்டுவிடுவது முறையன்று என்பது நமது எண்ணம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்கே பிட்ஸ்பர்க் என்றோர் ஊர் உள்ளது. நிலக்கரியை ஒட்டி முன்பு 'கறுப்பு வைரம்' என வழங்கிய அவ்வூர், உருக்காலை வந்தபின் 1911-இல் பென்சில்வேனியாவின் உருக்கு நகரத்துப் பெயரை, கடைசி எழுத்தை மட்டும் விட்டுவிட்டு, தனக்குச் சூட்டிக்கொண்டது. அவ்வட்டாரத்தில் 1977-இல் பிறந்தவர் டொமினிக் நியூட்டன். அவர் சிறுவராக இருந்த 1980-களில், கிராக் எனும் மலிவான கொக்கெயின் போதை கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களைச் சூறையாடியது. தந்தையர் சிறையிலும் தமையன்மார் கபுறிலுமாகப் பிரிந்துபோன குடும்பங்கள் அங்கே ஏராளம்.

அத்தெருக்களின் பேச்சே பின்னர் பாட்டாயிற்று. ராப் என்பது இராகம் போட்டுப் பாடுவதன்று. தாளத்துக்கு இயைய எதுகையோடு பேசுவது. துப்பாக்கியையும் போதை வணிகத்தையும் காவலரின் கெடுபிடியையும் பொருளாகக் கொண்ட அதன் கிளைக்கு 'காங்ஸ்டா ராப்' என்று பெயர். விரிகுடாப் பகுதியினர் பெரிய இசை நிறுவனங்களின் வாசலில் காத்திராமல், காரின் பின்பெட்டியில் ஒலிநாடாக்களை அடுக்கிவைத்து விற்றார்கள். சொந்த வட்டாரத்தில் கொடிகட்டிப் பறந்த பலரை வெளியூரார் அறியாமற்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாக்ரமெண்டோ நகரத்துப் பாடகர் சீ-போ என்பவர் பரோலில் இருந்த காலத்தில், மாநில ஆளுநரையும் கடுந்தண்டனைச் சட்டத்தையும் சாடிய தம் பாடல் வரிகளும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டு 1998-இல் கைதானார். வரிகள் பற்றிய குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. அந்த சீ-போதான் நியூட்டனையும் தோழர் நால்வரையும் 'மாப் ஃபிகஸ்' என்ற குழுவாக 1999-இல் இசைத்தட்டு மூலம் அறிமுகம் செய்தார். நியூட்டன் பூண்ட பெயர் 'தி ஜாக்கா'. 'ஜாக்' என்றால் அவ்வட்டாரத் தெருப்பேச்சில் வழிப்பறி. 2005-இல் 'தி ஜாக் ஆர்ட்டிஸ்ட்', 2009-இல் கண்ணீர்ப்புகை எனப் பொருள்படும் 'டியர் காஸ்' என்று அவருடைய தட்டுகள் வெளிவந்தன.

இதே மனிதர் இஸ்லாத்தை ஏற்று ஷஹீத் அக்பர் என்றும் பெயர் பெற்றிருந்தார். மால்கம் எக்ஸ் சிறையிலே மாறியதையும், 1975-க்குப் பின் இமாம் வாரிதுத்தீன் முஹம்மது பெருந்திரளான கறுப்பின மக்களை ஸுன்னத் வல் ஜமாஅத்தின் பக்கம் அழைத்து வந்ததையும் அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. அத்தெருமுனைகளில் ஸலாம் புதிய சொல்லன்று.

கலிமா சொன்னபின் தொழிலை விட்டாரா? விடவில்லை. பாடல்களில் போதைச் சரக்கும் ஆயுதமும் தொடர்ந்தன. அவற்றினூடே அல்லாஹ்வின் நினைவும் இறந்துபோன நண்பர்களின் நினைவும் வரும். குற்றத்தைப் பாடுகையிலும் சலிப்பும் துயரமும் தோய்ந்திருந்த அந்தக் குரலுக்காகவே இளைஞர்கள் அவரை நேசித்தனர். இதை நயவஞ்சகம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் முனாஃபிக் தன் அகத்தை மறைப்பவன், இவரோ தம் கறையைத் தாமே வெளியில் சொன்னவர். அப்படிச் சொல்லலாமா என்பது வேறு கேள்வி. தன் பாவத்தைத் தானே பகிரங்கப்படுத்துவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். அதைக் காசாக்குவது அதனினும் மோசம் என்பதில் நமக்கு ஐயமில்லை. (இசை கூடுமா, கூடாதா என்ற வழக்கை உலமாக்களிடம் விட்டுவிடுகிறோம்.)

நம் வீட்டுப் பிள்ளைகளும் இன்று கைபேசியில் ராப் கேட்கிறார்கள். செவியில் மாட்டியிருப்பதைப் பிடுங்கி எறிகிற வாப்பாமார், ஒரு நாள் அருகமர்ந்து, "இவன் எதைச் சொல்லி அழுகிறான்?" என்று கேட்டுப் பார்க்கலாம். பிள்ளை சொல்லும் விடையிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

2015 பிப்ரவரி 2 அன்று இரவு, ஓக்லாந்து நகரின் மெக்ஆர்தர் சாலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 37. அதே விரிகுடாவின் மற்றொரு பெயர்பெற்ற பாடகர் மாக் டிரே 2004-இல் கான்சஸ் சிட்டியில் சுடப்பட்டு மாண்டபோது அவருக்கு வயது 34.

மௌத்தானவர் நம் சகோதரர். அவருடைய கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. அவருக்காகப் பிழைபொறுக்கக் கேட்பது நமக்குரியது. துஆவில் அவரை ஷஹீத் அக்பர் என்றே குறிப்பிடுவோம். வணிகர்களுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 2020-இல் அவர் குரலில் ஒரு தட்டு வெளிவந்தது. அதன் பெயர் 'மர்டர் வெப்பன்', அதாவது கொலைக்கருவி. பாடியவர் பெயர் 'தி ஜாக்கா'.