ஆண்டறிக்கையில் வராத கணக்கு

கல்லூரிகளில் இது ஆண்டு விழாக் காலம். மேடையில் முதல்வர் ஆண்டறிக்கை வாசிப்பார். எத்தனை கருத்தரங்கு நடந்தது, எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள், பல்கலைக்கழகத் தரவரிசையில் எத்தனை பேர் வந்தார்கள், கபடியில் என்ன கோப்பை கிடைத்தது என்று பட்டியல் நீளும். நாமும் கை தட்டுவோம். தட்ட வேண்டியதுதான், உழைப்பில்லாமல் இவை வருவதில்லை. ஆனால் விளாங்குடி, பரவை, சமயநல்லூர் பக்கத்துக் காலனிகளிலிருந்து பிள்ளைகளைக் கலைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நாம் அந்த அறிக்கையில் தேடுவது வேறொன்று. மூன்றாண்டுக்கு முன் சேர்ந்த ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்கள் எத்தனை பேர்? அவர்களில் இந்த ஆண்டு பட்டம் வாங்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலான அறிக்கைகளில் இந்த ஒரு வரியைக் காண முடிவதில்லை.

கலைப் படிப்பு என்றாலே இளக்காரமாகப் பேசும் பழக்கம் ஊரில் இருக்கிறது. "பி.ஏ. தானே" என்று இழுப்பார்கள். அந்தப் பி.ஏ.தான் கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்குத் திறந்த முதல் கதவு. தமிழ், வரலாறு, பொருளியல் துறைகளில் கட்டணம் குறைவு. தமிழ்வழியில் படிக்கலாம். பள்ளி முதல் பட்டம் வரை தமிழ்வழியில் படித்தவருக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கான சட்டம் 2010-ல் வந்தது, முழுப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று 2020-ல் திருத்தினார்கள். கதவு இருந்தாலும் அங்கே போய்ச் சேர வழி வேண்டும். 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பேருந்துக் காசுக்காகப் பிளஸ் டூவோடு நிறுத்தப்பட்டிருக்கக்கூடிய பெண்கள் இன்று கல்லூரிப் பையோடு நிறுத்தத்தில் நிற்கிறார்கள். வரலாற்றுத் துறையில் ஆள் சேரவில்லை, தமிழ்த் துறையில் ஒரு பிரிவைக் குறைக்கலாம் என்று ஒரு கல்லூரி நிர்வாகம் முடிவெடுத்தால், மூடப்படுவது யாருடைய கதவு என்பதை நாம் கேட்கத்தான் வேண்டும்.

நம் வட்டாரத்தின் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியபோது முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். அடுத்து வந்தவர் மு.வரதராசனார். பின்னர் வ.சுப.மாணிக்கமும் அந்த நாற்காலியில் அமர்ந்தார். மூவருமே தமிழ்ப் பேராசிரியர்கள். மொழியும் மானுடவியலும் சமூகமும் படிப்பது இரண்டாந்தரப் படிப்பு என்று அன்று யாரும் சொல்லவில்லை. 2021-ல் இதே பல்கலைக்கழகம் தேசியத் தரமதிப்பீட்டில் ஏ பிளஸ் பிளஸ் பெற்றது. பெருமைதான். மூன்றே ஆண்டில், 2024-ல், மாதக்கணக்கில் ஊதியம் வராமல் பேராசிரியர்களும் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் போராட்டத்தில் இறங்க வேண்டியிருந்தது. மதிப்பெண் மேலே போகும்போதே நிதி கீழே போகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நிதி நெருக்கடி வந்தால் முதலில் அடிபடுவது ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகையும் தற்காலிக ஆசிரியரின் பிழைப்பும்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆகப் பெரிய சாதனை எது என்று நம்மைக் கேட்டால், தரமதிப்பீட்டுக் குழு எழுதாத ஒன்றைத்தான் சொல்வோம். 1970களின் தொடக்கத்தில் ஆரம்பித்த அஞ்சல்வழிக் கல்விதான் அது. பகலில் வேலை, இரவில் தபாலில் வந்த பாடம், ஞாயிறில் நேர்முக வகுப்பு என்று படித்து, வீட்டில் முதல் பட்டதாரியானவர்கள் தென் மாவட்டங்களில் ஏராளம். கிராம நிர்வாக அலுவலகத்திலும் தொடக்கப் பள்ளியிலும் மின்வாரியத்திலும் நம் ஆட்கள் ஏறிய படிக்கட்டு அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாமாவின் 'கருக்கு' 1992-ல் முதலில் வெளியானது மதுரையில். அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பரட்டை என்று நாம் அழைத்த தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டினார். அங்கேயே தலித் ஆதார மையம் பறையை மேடைக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது. விளாங்குடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த காரியங்கள் இவை. கல்லூரிப் பாடத்திட்டத்துக்கு வெளியே பிறந்த இந்த எழுத்தை இன்று கல்லூரிகள் பாடமாக நடத்துகின்றன. நம் பிள்ளைகள் தேர்வில் தங்கள் தெருவைப் பற்றிய கேள்விக்கே பதில் எழுதுகிறார்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1946-ல் பம்பாயில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியிலும் கலைப் படிப்பு உண்டு. பின்னர் அவுரங்காபாத்தில் அவருடைய கல்விச் சங்கம் நிறுவிய மிலிந்த் கல்லூரி மராத்தி தலித் இலக்கியத்துக்கு நாற்றங்காலானது. அவரும் கலை மாணவர்தான். பொருளியலும் அரசியலும் படித்துப் பி.ஏ. முடித்து, 1913-ல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் கொலம்பியா சென்றார். அந்த உதவித்தொகைக் காலம் முடிந்ததும் 1917-ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. மறுபடி 1920-ல் போய்த்தான் முடித்தார். பணம் நின்றால் அம்பேத்கர் படிப்பும் நிற்கும். பரவைக் காலனிப் பையன் படிப்பு நிற்காதா?

நிற்கிறது. எப்படி நிற்கிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டத்தை 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை மாற்றியமைத்தது. ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய், அதில் ஒன்றியத்தின் பங்கு 60 சதவீதம், மாநிலப் பங்கு 40. ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். மாநிலத்தின் பங்கு போன பிறகு ஒன்றியத்தின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும். பிள்ளை கையில் பணம் போவது நல்லதுதான். ஆனால் பணம் வரும் மாதம் ஒன்று, கல்லூரி கட்டணம் கேட்கும் மாதம் வேறு. இடையில் ஆதார் இணைப்பில் ஓர் எழுத்துப் பிழை, சாதிச் சான்றில் தந்தை பெயரில் ஒரு முன்னெழுத்து மாற்றம் இருந்தால் தாசில்தார் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடை. ஒவ்வொரு நடைக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். தேர்வுக் கட்டணம் கட்டாமல் மூன்றாம் பருவத்தோடு நிற்கிற பிள்ளையைக் கல்லூரிப் பதிவேடு 'இடைநின்றவர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும்.

2012-ல் வந்த அரசாணை 92 இந்த நிலையைத் தடுக்கத்தான் பிறந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களின் திரும்பப் பெறாத கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். கட்டணம் பாக்கி என்று மாற்றுச் சான்றிதழை மடக்கி வைக்கும் அலுவலகங்களில் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனி மாறும்.

விடுதிகளுக்குப் பெயர் மாறியிருக்கிறது. 2025 ஜூலையில் அரசு விடுதிகள் அனைத்தும் 'சமூகநீதி விடுதி' ஆயின. வரவேற்கிறோம். சாதிப் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே நுழைந்து வளர்ந்தவர்களுக்கு அந்த மாற்றத்தின் அருமை தெரியும். கல்லூரி விடுதி மாணவரின் மாத உணவுப்படி 2023-ல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. அதையும் மறுக்கவில்லை. ஆனால் நாளுக்கு 50 ரூபாயில் மூன்று வேளை என்றால் எந்தச் சமையலறையிலும் கணக்கு இடிக்கும். பலகை மாறிய வேகத்தில் படியும் மாற வேண்டும்.

2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. நாடு முழுதும் பட்டியல் சாதியினருக்கு 25.9. தமிழ்நாடு முன்னால் நிற்கிறது, உண்மை. இவையெல்லாம் சேர்ந்தவர்களின் கணக்கு. முடித்தவர்களின் கணக்கைக் கல்லூரிவாரியாக யாரும் நம் முன் வைப்பதில்லை.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அரசுக் கல்லூரிகளுக்கும் அரசின் உதவியில் கணிசமாக நடக்கும் கல்லூரிகளுக்கும் பொருந்தும். கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 2022-23ல் சேர்ந்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் துறைவாரியாக எத்தனை பேர், அவர்களில் பட்டம் முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு உதவித்தொகை எந்தெந்தத் தேதியில் கிடைத்தது, இட ஒதுக்கீட்டில் நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை என்று கேளுங்கள். தனிப்பட்ட மாணவர் பெயர் எதையும் கேட்க வேண்டாம். வருகிற பதிலின் படி ஒன்றை இந்தப் பகுதிக்கு அனுப்பினால், கல்லூரிவாரியாக வரிசைப்படுத்தி இங்கேயே வெளியிடுவோம்.