மூக்கில் இறக்கும் குழாய்க்குப் பேர் சிகிச்சை இல்லை



போன கிழமை எங்கட வாசிப்பு வட்டத்தில் குவாண்டனாமோ பற்றிக் கதைச்சம். "சாக விடாமல் சாப்பாடு குடுக்கிறது எப்படிச் சித்திரவதை ஆகும்?" என்று ஒரு அண்ணா கேட்டார். 2018இல் அநுராதபுரம் சிறையில் எங்கட கைதிகள் உண்ணாவிரதம் இருந்தபோது, என்னையும் கூட்டிக்கொண்டுபோய் லண்டன் மழையில் பதாகை பிடிச்சவர் அவர். அதனால்தான் இதை எழுதுறன்.

முதலில் அந்தச் சாப்பாடு 'குடுக்கிற' விதம். கை, கால், தலை எல்லாத்தையும் ஒரு நாற்காலியோட பட்டி போட்டுக் கட்டுவார்கள். மூக்கு வழியாக இரைப்பை வரைக்கும் குழாயை இறக்கித் திரவ உணவை ஊற்றுவார்கள். அடுத்த வேளைக்குத் திரும்பவும் அதே நாற்காலி. 2013இல் அங்கே இருந்த 166 பேரில் 106 பேர் உண்ணாவிரதம் என்று இராணுவமே ஒத்துக்கொண்டது. நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குழாய். அந்த 166 பேரில் 86 பேரை அனுப்பிவிடலாம் என்று அமெரிக்க அரசே முன்னமே முடிவெடுத்திருந்தது! அவர்கள் கேட்டது சாவை இல்லை, அண்ணா. வெளியே போகிற வழியை.

தன் சுயபுத்தியோட உணவை மறுக்கிறவருக்குப் பலவந்தமாக ஊட்டுவதை ஒருபோதும் ஏற்க முடியாது என்கிறது உலக மருத்துவ சங்கத்தின் மோல்ட்டா பிரகடனம்.

சட்டம் என்ன செய்தது? (நான் படிக்கிறதும் அதைத்தான், வெட்கத்தோட சொல்றன்.) 'போர்க்காலக் கைதிகள்' என்று சொல்லி விசாரணை இல்லாமல் அடைத்தார்கள். போர்க்கைதிக்குரிய உரிமையைக் கேட்டால், அது உங்களுக்கு இல்லை என்றார்கள். 2006இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜெனீவா உடன்படிக்கைகளின் பொது உறுப்புரை 3 இவர்களுக்கும் பொருந்தும் என்றது. இழிவுபடுத்தும் நடத்தையைத் தடைசெய்கிற உறுப்புரை அது. 2013 ஜூலையில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் இந்தக் குழாய் வேலையை வலிமிக்கது, அவமானப்படுத்துவது, இழிவுபடுத்துவது என்றே எழுதினார். எழுதிவிட்டு, தடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். அடுத்த பெப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதிகாரம் இருக்கு என்றது, ஆனால் தடுக்க மறுத்தது.

சிகிச்சை என்றால் ஏன் ஒளிக்க வேணும்? தியாப் என்ற சிரியக் கைதிக்கு உணவூட்டியதைப் படம்பிடித்த 32 ஒளிநாடாக்கள் இருக்கு. ஊடகங்கள் வழக்காடியும் 2017இல் நீதிமன்றம் வெளியிட விடவில்லை. எத்தனை பேர் உண்ணாவிரதம் என்று எண்ணிக்கை சொல்வதைக்கூட 2013 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

"அவங்கள் வேற ஆக்கள்" என்றும் அண்ணா சொன்னார். அரசியல் கைதிகளே இல்லை, பயங்கரவாதிகள்தான் என்று கொழும்பு எங்கட ஆக்களைச் சொல்லேக்க எங்களுக்கு எப்படி எரிஞ்சது?

2025 ஜனவரியிலும் அங்கே 15 பேர் மிச்சம். அண்ணா, 'வழக்குப் போடு, இல்லாட்டி விடு' என்று நீங்கள் எழுதின பதாகை உங்கட கராஜில் இன்னும் கிடக்கு. அடுத்த கூட்டத்துக்கு அதையும் எடுத்துக்கொண்டு வாங்கோ.